வீட்டுக்கல்விப் பிள்ளைகளும் சென்சரி கூச்சமும்: அரிசித் தொட்டி முதல் கல்யாண மண்டபம் வரை

வேப்பம்பூ

சத்தம், ஈரம், பிசுபிசுப்பு, சட்டை லேபிள், வாசனை என்று ஏதாவது ஒன்றைத் தாங்க முடியாத பிள்ளையை வீட்டில் வைத்துப் பாடம் நடத்துகிறவர்களுக்காக இந்த இழை. வயது 4 முதல் 10 வரை என்று வைத்துக்கொள்வோம். கேள்வி இரண்டு. வீட்டில் சென்சரி விளையாட்டு (தொட்டு, பிசைந்து, ஆடிப் புலன்களுக்கு வேலை கொடுப்பது) என்று எதைக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது? கோயில், கல்யாணம், மியூசியம், கடற்கரை என்று குடும்பமாகப் போகும்போது எதை முன்கூட்டியே பார்த்து வைப்பது?

நெட்டில் கிடைக்கிற பட்டியல் பெரும்பாலும் அமெரிக்க வீட்டை மனதில் வைத்து எழுதியது. இங்கே புழுக்கம், குக்கர் விசில், கெட்டிமேளம். அதற்குத் தகுந்த மாதிரி சொல்லுங்கள். "பொறுமையாக இருங்கள்" என்ற பதில் வேண்டாம். அளவு, நேரம், எது கெட்டுப்போகும், ஏன் என்பது போதும்.

ஓடி_திருச்சி

பொருள் வாங்கக் கிளம்புவதற்கு முன் ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள். மணி என்ன, என்ன நடந்தது, அதற்கு முந்தைய பத்து நிமிடத்தில் சுற்றி என்ன இருந்தது, அடங்க எவ்வளவு நேரம் ஆனது. "பிள்ளைக்கு சென்சரி பிரச்சினை" என்று மொத்தமாகச் சொல்வதில் பயன் இல்லை. சோற்றைக் கையால் தொடாத பிள்ளையே நாள் முழுக்க சோபாவிலிருந்து குதிக்கும். தொடுதலில் ஒதுங்குகிறது, அசைவைத் தேடுகிறது. இரண்டும் ஒரே உடம்பில் இருக்கும்.

ஐந்து புலன் என்ற கணக்கும் இங்கே போதாது. கை கால் எந்த நிலையில் இருக்கிறது என்று தசையும் மூட்டும் சொல்கிற சேதி ஒன்று, உள்காதிலிருந்து வரும் சமநிலை உணர்வு ஒன்று, பசி, தாகம், மூத்திரம் முட்டுவது போல உள்ளிருந்து வருவது ஒன்று. முதல் இரண்டின் முக்கியத்துவத்தை 1970களில் எடுத்துச் சொன்னவர் ஜீன் ஏர்ஸ் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (ஓடி, அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தருகிற சிகிச்சையாளர்). தெரபி சென்டர்களில் ஊஞ்சல் தொங்குவதற்கு அவர்தான் காரணம்.

நடைமுறைக்கு வருவோம். மூட்டில் அழுத்தம் விழும் வேலை முதலில், கை அழுக்காகும் விளையாட்டு அப்புறம். சப்பாத்தி மாவு பிசைவது, நனைந்த துண்டைப் பிழிவது, அரிசிப் பையைத் தரையோடு தள்ளிக்கொண்டு போவது, சின்ன வாளியில் தண்ணீர் தூக்கிச் செடிக்கு ஊற்றுவது. 5 முதல் 10 நிமிடம் செய்தால் பெரும்பாலான பிள்ளைகள் நிதானத்துக்கு வருவார்கள். தூக்கும் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். 18 கிலோ பிள்ளைக்கு வாளியோடு சேர்த்து 1.8 கிலோ, அதாவது ஒன்றரை லிட்டர் தண்ணீர்தான்.

தொட்டி விளையாட்டு, அதாவது அரிசி, மணல் கொட்டிய தொட்டியில் கைவிட்டு அளைவது, தொடக்கத்தில் 3 நிமிடம் போதும். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். அழுது முடிந்த விளையாட்டை மறுநாள் எடுத்து வைத்தால் பெட்டியைப் பார்த்தே ஓடுவார்கள்.

கொங்குத்தறி

'சென்சரி கிட்'னு விக்கறதை வாங்க வேண்டாங்க. 30 × 20 செ.மீ. பிளாஸ்டிக் டப், அதுல 3 கிலோ ரேஷன் அரிசி கொட்டுனா நாலு விரல் ஆழம் வரும். கை புதைய அந்த ஆழம் வேணும். ரெண்டு விரல் ஆழத்துல கொட்டி வச்சா பிள்ளைங்க வாரி வெளியதான் வீசும். கீழ பழைய பெட்ஷீட் விரிச்சுட்டா நாலு மூலையையும் சேர்த்துத் தூக்கி மறுபடி கொட்டிக்கலாம்.

வரிசை முக்கியம். பெருசு, காஞ்சது, கையில ஒட்டாததுல ஆரம்பிக்கணும். புளியங்கொட்டை, அப்புறம் அரிசி, ரவை, ஈர மணல், ஊறின சப்ஜா, கடைசியா கார்ன்ஃப்ளோர் கரைசல். ஒரு படியில நின்னுட்டா நிக்கட்டும். ஆரம்பத்துல கையே வைக்க வேண்டாம். கரண்டி, புனல், இடுக்கி குடுங்க. ஈரமான பொருளை ஜிப் கவர்ல போட்டு டேப் ஒட்டிக் குடுத்தா வெளியிலிருந்து அமுக்கிப் பார்க்கும்.

கலர் அரிசி: 1 கப் அரிசி, 1 டீஸ்பூன் வினிகர், உணவுக் கலர் 5, 6 சொட்டு. கவர்ல போட்டுக் குலுக்கிப் பேப்பர்ல நல்லாக் காய விடணும். வினிகர் போடலைன்னா வேர்த்த கையில சாயம் ஒட்டும். ஒட்டிருச்சுன்னா கூச்சப்படற பிள்ளை அந்தத் தொட்டிப் பக்கமே வராது.

சப்ஜா: 2 டேபிள்ஸ்பூன் விதைக்கு 2 கப் தண்ணி, 20 நிமிஷம். வழுவழுன்னு நிக்கும், வாயில போட்டாலும் பயமில்லை. நம்ம சூட்டுக்கு அன்னிக்கே புளிச்சுரும், மிச்சத்தைச் செடிக்கு ஊத்திருங்க. கார்ன்ஃப்ளோர் ரெண்டு பங்குக்குத் தண்ணி ஒரு பங்கு. அதை சிங்க்ல கொட்டினா குழாயில போய் இறுகி அடைச்சுக்கும். காய விட்டு, பொடியாக்கிக் குப்பையில போடறதுதான் சரி.

சேர்க்கவே கூடாதது:

வாட்டர் பீட்ஸ். கடையில 'மேஜிக் பால்', 'ஜெல்லி பால்'னு தருவாங்க. விழுங்குனா குடல்ல பல மடங்கு ஊதி அடைச்சுக்கும், சாதா எக்ஸ்ரேயில தெரியறதும் இல்லை. சப்ஜா இருக்கும்போது இது எதுக்கு?

குன்றிமணி. பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண்ணா வைக்கறதுதான். தோல் உடைஞ்சு மென்னுட்டா உயிருக்கே ஆபத்தான விஷம். பிள்ளையாரைக் கரைச்ச பிறகு கண் ரெண்டும் எங்க போச்சுன்னு பாருங்க. ஆமணக்குக் கொட்டை, அரளி விதையும் அதே கணக்கு.

காஞ்ச பட்டாணி, கொண்டைக்கடலை. மூக்குல போனா ஈரத்துல ஊதி, எடுக்க டாக்டர்கிட்டதான் போகணும். பச்சை ராஜ்மா மென்னா வாந்தி.

கடைக் கோலமாவு. அதுல பாதிக்கு மேல கல்மாவு. விரல்ல கோலம் போட்டு விளையாடறது அருமையான பயிற்சி, ஆனா அரிசி மாவுல செய்யுங்க.

வீட்டுல 3 வயசுக்குக் கீழ இன்னொரு பிள்ளை இருந்தா, 3.2 செ.மீ. வாய் உள்ள குழாய்க்குள்ள நுழையற எந்தப் பொருளும் தொண்டையில சிக்கும். புளியங்கொட்டையும் அதுல சேர்த்தி.

மூன்றாம்சுழி

கொங்குத்தறி அக்கா, மழைக்காலத்தில் அரிசித் தொட்டியில் வண்டு வருகிறதே, வேப்பிலை போடலாமா? இன்னொன்று: மைதாவில் செய்யும் பிளே டோ (விளையாட்டு மாவு) இரண்டாம் நாளே கையில் ஒட்டுகிறது. உப்பைக் கூட்டினால் இன்னும் மோசம்.

கொங்குத்தறி

வேப்பிலை போட்டா வண்டு குறையும், ஆனா வாசனைக்கு முகம் சுளிக்கிற பிள்ளைக்கு ஆகாது. வாரம் ஒரு தடவை வெயில்ல காயப் போட்டு, மூடி இறுக்கமான டப்பாவுல வைங்க.

மாவு விஷயம்: உப்பு காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும். காத்து வறண்ட ஊர்ல சரியா வர்ற மாவு சென்னையில ஐப்பசி மாசம் தண்ணி விடும். அளவு இதுதான். மைதா 1 கப், உப்பு அரை கப் (மழைக்காலத்துல அதைக் கால் கப் பக்கமா இறக்குங்க), எண்ணெய் 1 டேபிள்ஸ்பூன், எலுமிச்சைச் சாறு 2 டேபிள்ஸ்பூன், தண்ணி 1 கப். எல்லாத்தையும் கட்டியில்லாமக் கரைச்சு, சின்னத் தீயில 4, 5 நிமிஷம் கிளறணும். சட்டி ஓரத்தை விட்டு உருண்டையாத் திரண்டு, நடுவுல கிள்ளிப் பார்த்தா பச்சை மாவு மினுக்கு இல்லாம இருக்கணும். ஒட்டுறதுக்குப் பெரும்பாலும் காரணம் நடுப்பகுதி வேகாததுதான். ஆறினதும் அஞ்சு நிமிஷம் பிசைஞ்சு ஃப்ரிட்ஜ்ல வைங்க, ஒரு வாரம் வரும். உப்பைக் குறைச்சா அதுக்கு முன்னாடியே பூசணம் பிடிக்கும், பார்த்துக்கணும்.

வேகாத மாவுல ஈகோலை கிருமி இருக்கலாம்கறதால வாயில போடற பிள்ளைக்கு வேக வச்சதுதான் குடுக்கணும். விரல்ல சின்ன வெட்டு இருந்தாக்கூட உப்பு எரியும். "திடீர்னு தொட மாட்டேங்கறான்"னா முதல்ல நகக்கண்ணைப் பாருங்க.

நெல்லைக்காத்து

எல்லாம் சரிதான். ஆனா இப்படி ஒவ்வொண்ணையும் வெலக்கி வெலக்கி வச்சா பிள்ளை எப்பந்தான் பழகும்? முந்தின தலைமுறையில ஆனித் தேரோட்டத்துக்குத் தோள்ல உக்கார வச்சுல்லா கூட்டிட்டுப் போனாவ. கையைப் பிடிச்சு மாவுல வச்சா மொத நாள் அழும், மூணாம் நாள் விளையாடும்.

ஓடி_திருச்சி

மூன்றாம் நாள் அழாதது பழகியதாலா, அழுது பயனில்லை என்று தெரிந்ததாலா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். முகம் இறுகி, தோள் தூக்கி, விரல்கள் விறைத்திருந்தால் அது விளையாட்டு இல்லை.

படிப்படியாக முன்னால் கொண்டுவைப்பது வேலை செய்யும். நிறுத்துகிற அதிகாரம் பிள்ளையிடம் இருக்கும்வரைக்கும்தான். பிடித்து அமுக்கினால் மாவு மட்டும் எதிரியாவதில்லை, மாவு பிசைகிற அறையும் பிசைகிற ஆளும் சேர்ந்துதான். அதோடு, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலருக்கு ஒரே சத்தம், ஒரே உரசல் திரும்பத் திரும்ப வந்தாலும் மூளையின் எதிர்வினை மற்றவர்களுக்குக் குறைவதுபோலச் சீக்கிரம் குறைவதில்லை. புலன் கூர்மையும் மந்தமும் 2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே சேர்க்கப்பட்டது.

போதும் என்பதற்கு அழுகை கடைசி அடையாளம். அதற்கு முன்பே வருவன: காது மடல் சிவப்பது, கொட்டாவி, விக்கல், உள்ளங்கை வேர்ப்பது, காரணமில்லாத அதிகச் சிரிப்பு. சிரிப்பைப் பார்த்து "பிடிச்சிருக்கு" என்று நினைத்து இன்னும் கூட்டுகிறோம். அங்கேதான் கவிழ்கிறது.

தேரோட்ட விஷயத்தில் ஒரு பாதி உங்கள் பக்கம். தோளில் உட்காரும்போது எதிர்பாராத இடி படாது, தொடையில் அழுத்தம் இருக்கும், முகத்தில் காற்று படும், எது வருகிறது என்று தூரத்திலேயே தெரியும். அது நல்ல ஏற்பாடுதான். கூட்டத்துக்குள் கையைப் பிடித்து இழுத்துப் போவதோடு அதை ஒன்றாகச் சேர்க்காதீர்கள்.

நானும் ஓடி என்பதால், இந்தத் துறையை நானே பெரிதாக விற்கக் கூடாது என்று இதையும் எழுதுகிறேன். சென்சரி தெரபிகளுக்கு ஆதாரம் இன்னும் குறைவு, அதைப் பெற்றோரிடம் சொல்ல வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2012இல் சொன்னது. எடைப் போர்வை ஆட்டிசப் பிள்ளைகளின் தூக்கத்தைக் கூட்டவில்லை என்று 2014இல் பிரிட்டன் ஆய்வு ஒன்று காட்டியது. போர்த்திக்கொள்ளப் பிடித்திருந்தது என்றும் சொன்னது. பிடித்தால் போதும் என்றால் வாங்கலாம். தானே விலக்கிக்கொள்ளத் தெரியாத பிள்ளைக்கு வேண்டாம்.

நெல்லைக்காத்து

சரி, ஒத்துக்கிடுதேன். அப்பம் தெரபி சென்டர்ல தொங்குதுன்னு சொன்ன அந்த ஊஞ்சல்? சேலையை உத்தரத்துல கட்டித் தூளி போட்டாக் காணாதா?

ஓடி_திருச்சி

நல்ல கேள்வி, ஆபத்தான கேள்வியும்கூட. பெரிய பிள்ளைகள் சேலைத் தூளிக்குள் சுழன்று, துணி முறுக்கிக் கழுத்தை இறுக்கி இறந்த செய்திகள் தமிழ்நாட்டில் அவ்வப்போது வருகின்றன. ஆகவே: ஆள் பக்கத்தில் இல்லாமல் ஒரு நிமிடமும் வேண்டாம், விளையாட்டு முடிந்ததும் அவிழ்த்து அலமாரியில் வையுங்கள். தொங்கவிட்டபடி விடுவதுதான் பெரிய தவறு. அதைவிடப் பலகை ஊஞ்சல் மேல். கொக்கி கான்கிரீட் கம்பியோடு கட்டியதாக இருக்க வேண்டும். ஃபேன் கொக்கி, ஃபால்ஸ் சீலிங், டிரில் போட்டு அடித்த சின்ன ஆங்கர் எதுவும் ஆகாது. ஆடும்போது விழும் பாரம் பிள்ளையின் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு வரும்.

முன்னும் பின்னும் ஒரே சீராக ஆடினால் அமைதி. சுற்றிவிட்டால் உசுப்பும், அதன் பாதிப்பு இறங்கிய பிறகும் நீடிக்கும். முகம் வெளுத்தால், வேர்த்தால், குமட்டினால் உடனே நிறுத்துங்கள். வலிப்பு இருக்கிற பிள்ளைக்கு டாக்டரைக் கேட்காமல் சுற்றவே வேண்டாம்.

வேப்பம்பூ

வெளியே போவதற்கு வருவோம். கோயிலை நான் தொடங்கிவைக்கிறேன்.

பெரும்பாலான கோயில்கள் நண்பகலில் நடை சாத்தி மாலை 4 மணியளவில் திறக்கும். திறந்த முதல் அரைமணி நேரம்தான் நமக்கு. செவ்வாய், வெள்ளி வேண்டாம். சிவன் கோயிலில் பிரதோஷத்தன்று 4.30 முதல் 6 வரை நந்தியைச் சுற்றி நெரிசல், காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டத்தைப் பற்றி எல்லோரும் யோசிக்கிறோம், பாதத்தை மறந்துவிடுகிறோம். சுடுகிற கல், எண்ணெய்ப் பிசுக்கு, அபிஷேகத் தண்ணீர் என்று இருபது அடிக்குள் மூன்று விதத் தரை. பருத்தி சாக்ஸ் இரண்டு ஜோடி எடுத்துப் போங்கள். நனைந்த சாக்ஸ் வெறுங்காலைவிட மோசம். அனுமதி உண்டா என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள்.

தீபாராதனைக்கு அடிக்கிற மின்சார மேளம் சொல்லாமல் தொடங்கும். அது எந்தத் தூணில் மாட்டியிருக்கிறது என்று முதலில் பார்த்து, அதற்கு எதிர் மூலையில் நில்லுங்கள். திருநீற்றை விரல் நுனியால் லேசாகப் பூசுவது பல பிள்ளைகளுக்கு ஆகாது. கையில் வாங்கிக் கொடுங்கள், தானே அழுத்திப் பூசிக்கொள்ளட்டும். பொதுவாகவே லேசான தொடுதலைவிட அழுத்தமான தொடுதல் தாங்கும்.

மூன்றாம்சுழி

கல்யாணத்துக்கு என் குறிப்பு. வாசலிலேயே முதல் இடி, பன்னீர்ச் செம்பு. வரவேற்பில் நிற்கிறவரிடம் "இவளுக்குத் தெளிக்க வேண்டாங்க" என்று ஒருவர் முன்னால் போய்ச் சொல்லிவிட வேண்டும். பட்டுப்பாவாடை ஜரிகை உள்பக்கம் குத்தும். உள்ளே பருத்தி லைனிங் தைத்து, இரண்டு தடவை துவைத்து, வீட்டில் அரைமணி நேரம் போட்டுப் பழகிய பிறகுதான் மண்டபம். அந்த அரைமணி தாங்கவில்லை என்றால் பழைய காட்டன் கவுனே போதும், சித்தி பெரியம்மா என்ன சொன்னாலும்.

முகூர்த்தம் 9 முதல் 10.30 என்று பத்திரிகையில் போட்டிருந்தாலும் தாலி கட்டுவது அதற்குள் ஒரு நிமிடம்தான். ஐயர் மாங்கல்யத் தட்டைச் சபையில் காட்டி ஆசி வாங்க அனுப்புவார். தட்டு சுற்றத் தொடங்கியதும் கெட்டிமேளத்துக்குச் சில நிமிடம் இருக்கிறது என்று பொருள். அப்போது பிள்ளையை வெளி வராந்தாவுக்குக் கூட்டிப் போகலாம், இல்லை சத்தத்தைக் குறைக்கக் காதை மூடும் இயர்மஃப் மாட்டலாம். தலையில் விழும் அட்சதையையும் சேர்த்துத் தப்பிக்கலாம். சாப்பாட்டுக்கு முதல் பந்தி, ஓர இருக்கை. பக்கத்து இலை ரசம் ஓடி வந்து தொடுவது ஒரு பக்கமாவது குறையும். தெரிந்த சாப்பாடு ஒரு டப்பாவில்.

ஓடி_திருச்சி

இயர்மஃப் பற்றி. பெட்டியில் என்ஆர்ஆர் (சத்தம் குறைக்கும் அளவு) 25 என்று போட்டிருந்தால் 25 டெசிபல் குறையும் என்று நம்பாதீர்கள். முடி, கண்ணாடி, வேர்வை எல்லாம் இடைவெளி விடும். பாதி என்று கணக்கு வையுங்கள். நம் சூட்டில் 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் காதின் பின்புறம் வேர்க்குரு வரும். அமைதியான இடத்தில் கழற்றியே வைக்கவும். நாள் முழுக்க மாட்டினால் சாதாரணச் சத்தமும் பெரிதாகத் தோன்ற ஆரம்பிக்கும்.

மாலில் கழிவறைக் கை உலர்த்தி தனிப் பிரச்சினை. அதன் காற்று வாய் பிள்ளையின் காது உயரத்தில் இருக்கிறது. 2019இல் கனடாவில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி பொதுக் கழிவறைகளில் அளந்து, சில கருவிகள் குழந்தைகளின் காது மட்டத்தில் 100 டெசிபலைத் தாண்டுவதை மருத்துவ இதழிலேயே வெளியிட்டாள். கைக்குட்டை எடுத்துப் போங்கள், மாற்றுத்திறனாளிகளுக்கான தனிக் கழிவறை இருந்தால் அதைக் கேளுங்கள்.

வேப்பம்பூ

வீட்டுக்கல்வியில் ஒரு பெரிய வசதி, வார நாள். ஆனால் எல்லா இடமும் எல்லா வார நாளும் திறந்திருக்காது. எழும்பூர் அரசு அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை விடுமுறை. வண்டலூர் உயிரியல் பூங்காவும் முட்டுக்காடு தட்சிணசித்ரா கலைக் கிராமமும் செவ்வாய். வெளியே போகிறோம் என்று சொல்லிக் கூட்டிப் போய்ப் பூட்டிய கேட்டைக் காட்டினால் அன்றைய நாள் முடிந்தது. டிசம்பர், ஜனவரியில் பள்ளிச் சுற்றுலா பஸ்கள் முற்பகலில் வந்து இறங்கும், அதனால் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். முந்தைய நாள் நான்கைந்து போட்டோ காட்டுங்கள்: கேட், டிக்கெட் கவுன்டர், பார்க்கப்போகும் ஒன்று, கழிவறை, திரும்பும் வண்டி. எழும்பூரில் எல்லாக் கட்டடமும் ஒரே நாளில் வேண்டாம். வெண்கலச் சிலைக் கூடம் மட்டும் என்று முடிவுசெய்து போய் வந்தால் போதும்.

நெல்லைக்காத்து

கடற்கரைக்கு நான் சொல்லுதேன். காலையில வெயில் ஏறுததுக்கு முன்ன போயிருங்க. காஞ்ச மணல் காலை உறுத்தும், ஈர மணல் இறுகி நிக்கும். கூச்சப் பிள்ளைக்கு ஈர மணல்தான் லேசு. அதுவரைக்கும் ரப்பர் ஷூ போட்டு நடத்துங்க. மெரினாவுல 2022ல போட்ட மரப்பாதை இருக்கு, மணல்ல கால் வைக்காமலே தண்ணிப் பக்கம் போகலாம். ஒட்டுன மணலை ஈரத்துணியால துடைச்சாப் பரவத்தான் செய்யும். கார்ன்ஃப்ளோரைத் தூவித் தேய்ச்சா உதிர்ந்திரும். டால்கம் பவுடர் வேண்டாம், கடல்காத்துல மூக்குக்குள்ள போவும்.

தண்ணியைக் கண்டதும் ஓடுத பிள்ளைன்னா ஒரு ஆளுக்கு அதைத் தவிர வேற சோலி குடுக்கப்பிடாது. செல்பி எடுக்கவும் கூடாது. சட்டை உள்பக்கம் போன் நம்பர் எழுதிருங்க. கையில பட்டை கட்டுனா பாதிப் பிள்ளைக பிச்சு எறிஞ்சிரும்.

ஓடி_திருச்சி

வெயில் பற்றி இன்னொன்று. பசி, தாகம் போல உள்ளிருந்து வரும் உணர்வு மந்தமான பிள்ளை "தாகமா இருக்கா?" என்ற கேள்விக்கு இல்லை என்றுதான் சொல்லும். கேட்காமல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை சில மடக்கு கொடுங்கள். டோபிராமேட், சோனிசமைட் மருந்துகள் வேர்வையைக் குறைக்கும். வலிப்புக்கு அவை எடுக்கும் பிள்ளைக்கு வேர்க்காமல் உடம்பு மட்டும் சூடேறலாம். தோல் காய்ந்து சிவந்து, பிள்ளை சோர்ந்தால் நிழல், ஈரத்துணி, உடனே மருத்துவமனை.

மூன்றாம்சுழி

தீபாவளி நெருங்குகிறது. தமிழ்நாட்டில் வெடிக்க அனுமதி காலை 6–7, இரவு 7–8 என்பார்கள், யார் கேட்கிறார்கள்! அன்று வெளியே எங்காவது போய்விடலாமா?

வேப்பம்பூ

போகலாம், ஆனால் அன்று மாலை ஆட்டோ கிடைக்காது, தெருவில் புகையும் சரமும். முந்தைய நாளே கிளம்பி, மறுநாள் பகலில் திரும்புகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலேயே என்றால் தெருப்பக்கம் இல்லாத அறை, ஜன்னல் இடுக்கில் துணி, ஃபேன் முழு வேகத்தில். ஃபேன் இரைச்சலே தொலைவு வெடிகளை மூடிவிடும். அந்த அறையில் அரிசித் தொட்டி.

திரும்பும் ஏற்பாடு தீபாவளிக்கு மட்டுமல்ல, எல்லாப் பயணத்துக்கும் வேண்டும். பெரியவர் இரண்டு பேர் என்றால், பிள்ளையோடு வெளியேறப் போவது யார், மற்ற பிள்ளைகளோடு இருக்கப் போவது யார் என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். மண்டபத்தில் நின்று பேசி முடிவெடுக்க நேரம் இருக்காது. கார் என்றால் முகப்பை ரோட்டைப் பார்த்து நிறுத்துங்கள், பின்னால் வேறு வண்டி அடைக்காத இடத்தில். ஆட்டோ என்றால் இறக்கிவிட்டவரையே காத்திருக்கச் சொல்லி, வெயிட்டிங் காசை முன்பே பேசிவிடுங்கள். புக்கிங் ஆப்பில் வண்டி வர ஆகும் பத்து நிமிடத்தைப் பிள்ளை தாங்காது. பையில் மாற்று உடை, வாந்திக்கு இரண்டு கவர், தண்ணீர், மென்று தின்ன ஒரு முறுக்கு.